துடைக்கத் துடைக்கத் தேயும் கார்

காலை ஆறு மணிக்குச் சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்குக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். கையில் ஒரு பக்கெட், தோளில் ஒரு துணி. எட்டு மணிக்குள் பதினைந்து, இருபது கார்களைத் துடைத்தாக வேண்டும். முதல் காருக்குத் தெளிந்திருந்த தண்ணீர் ஐந்தாவது காருக்குள் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். முடித்த வண்டிகளின் வைப்பர் இரண்டும் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். இன்றைய வேலை ஆயிற்று என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கார்காரர் இறங்கி வருவார், வைப்பரை மடக்குவார், ஆபீஸுக்குக் கிளம்புவார். காரும் பளிச்சென்றுதான் இருக்கும்.

அதே கார் கறுப்போ அடர்நீலமோ என்றால், மதிய வெயிலில் பானெட்டின் மேல் சூரியன் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக நூல்கீறல்கள். உண்மையில் அவை வட்டமான கீறல்களே அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் சாதாரணக் கீறல்கள்தான். ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகின்றன. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். தினமும் துடைக்கப்பட்ட கார் எது, வாரம் ஒருமுறை ஒழுங்காகக் கழுவப்பட்ட கார் எது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

துடைப்பவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு வண்டியின் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்பதே அதிகம். தினமும் துடைத்தால்தான் கார் சுத்தம் என்று நினைப்பது நாம்தான். தூசியோடு நிற்கும் கார் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தூசியின் மேல் துணியைப் போட்டு இழுக்கும்போதுதான் அது கெடுகிறது. வீட்டிலேயே காரைக் கழுவ நினைப்பவர் முதலில் பழக வேண்டியது, தேய்க்கத் துடிக்கும் கையை அடக்குவது. மீதி வேலை காருக்கு உள்ளே இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதே இல்லை.

முடியைவிட மெல்லிய கவசம்

தொழிற்சாலையில் காரின் உடலை முதலில் துருத் தடுப்புத் திரவத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சூளையில் சுடுவார்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்'. பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு தூசிகூட ஒட்டக் கூடாது என்பதற்காகப் பல ஆலைகளில் தீக்கோழி இறகோ ஈமு இறகோ பொருத்திய உருளைகளால் உடலைத் துடைக்கிறார்கள். அவ்வளவு பதனமாகப் பூசிய அத்தனை அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்தான். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காரின் பளபளப்பு முழுவதும், வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் வேலையின் பெரும்பகுதியும், முடியைவிட மெல்லிய அந்தப் படலத்தின் பொறுப்பு.

நம் ஊர்த் தூசியில் இருப்பது பெரும்பாலும் மண். மண்ணில் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7; ஜன்னல் கண்ணாடியே அதற்குக் கீழேதான். கிளியர் கோட் கண்ணாடியைவிட எத்தனையோ மடங்கு மென்மையானது. தூசி படிந்த முன்கண்ணாடியில் தண்ணீர் விடாமல் வைப்பரை ஓட்டினால் வில் வில்லாகக் கோடு விழுவதும் இதனால்தான். கண்ணாடிக்கே அந்தக் கதி என்றால் பானெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படித் தேய்க்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அம்பாசிடர் காலத்தைக் காட்டலாம் என்று தோன்றுகிறது. அன்றைய வண்டிகளில் நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சில் இருந்தன. ரப்பிங் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். மங்கிய மேல்தோல் போய்ப் புது நிறம் எட்டிப் பார்க்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தினமும் வண்டியை மினுக்கி வைப்பது ஒரு நல்ல டிரைவரின் லட்சணமாகவே கருதப்பட்டது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பழக்கம் நிற்கவில்லை. இன்றைய காரில் ரப்பிங் போட்டால் தேய்வது கிளியர் கோட். பாலிஷ் எதையும் சேர்ப்பதில்லை. கீறலின் ஆழத்துக்கு மேற்பரப்பையே சீவி எடுத்துச் சமன் செய்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். சர்வீஸ் சென்டரில் 'சார், ஒரு பாலிஷ் போட்டுடலாமா?' என்று கேட்டால், காரின் ஆயுளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் தலையாட்டாதீர்கள்.

எந்தத் தண்ணீர்?

சோப்பைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு நாம் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காரின் மேல் நிரந்தரமாகத் தங்குவது தண்ணீரில் இருப்பதுதான். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். போர் தண்ணீரில் ஆயிரத்தைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. ஆயிரம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியானால் ஒரு கிராம் உப்பு பின்தங்கும். கறுப்புக் காரின் கூரையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்ததுபோல் நிற்பது அந்தக் கால்சியமும் மக்னீசியமும்தான். வெயிலில் சூடாகிச் சூடாகி அது கிளியர் கோட்டில் குழி பறித்துவிட்டால் பிறகு கழுவிப் போகாது.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் ஆர்.ஓ. கழிவு நீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுகிறார்கள். நோக்கம் சரி, இடம் தவறு. உள்ளே போன தண்ணீரில் பாதியை இயந்திரம் கழித்துவிடுகிறது என்றால், உப்பு கிட்டத்தட்ட முழுவதும் அந்தப் பாதியில்தான் இருக்கும். உங்கள் போர் தண்ணீரைவிட இரண்டு மடங்கு உப்பான தண்ணீர் அது. மேட்டைக் கழுவவும், சக்கரத்துச் சேற்றை இறக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். காரின் மேல் கடைசியாக ஓடும் தண்ணீராக மட்டும் அது இருக்கக் கூடாது.

கடைசித் தண்ணீருக்கு உகந்தது நம் வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏ.சி.யின் வெளிக்குழாயில் வடிவது காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னை, தூத்துக்குடி போன்ற புழுக்கமான ஊரில் ஒரே இரவில் பக்கெட் கணிசமாக நிரம்பும். துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால் கடைசி அலசலுக்கும் கண்ணாடி துடைக்கவும் அதற்கு இணையே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும் அப்படித்தான், முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்தால்.

அளவு என்று பார்த்தால் ஒரு சராசரி காருக்கு மூன்று பக்கெட் போதும். ஹோஸைத் திறந்து விட்டுக் கழுவினால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் ஓடும்; கால் மணி நேரத்தில் ஒரு குடும்பம் ஒரு நாள் குளிக்கும் தண்ணீர் தெருவில் கிடக்கும். 2019 கோடையில் புழலும் பூண்டியும் செம்பரம்பாக்கமும் சோழவரமும் வறண்டு கிடந்ததைப் பார்த்த ஊர் இது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவுவதற்கே தடை வந்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

தொடக்கம் உள்ளே

வெளியே கழுவிவிட்டு உள்ளே தட்டினால் கழுவிய கதவின் மேல்தான் தூசி படியும். மேட்டுகள் காயவும் நேரம் வேண்டும். ஆகவே உள்ளேதான் முதலில். காலை வெயில் ஏறுவதற்கு முன் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து வைத்து, காரில் இருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். தண்ணீர் பாட்டில், குடை, போன வருடத்து இன்ஷூரன்ஸ் ஜெராக்ஸ், குழந்தையின் ஒற்றைச் செருப்பு, காய்ந்த மல்லிகைச் சரம். டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரையும் ஒருமுறை பாருங்கள். இப்போதைய கார்களில் முன் இருக்கைப் பயணிக்கு எதிரே டேஷ்போர்டுக்குள் காற்றுப்பை இருக்கிறது. அது வெடித்துத் திறக்கும் மூடியின் மேல் சிலையோ வாசனைப் புட்டியோ ஒட்டியிருந்தால், விபத்தின்போது அது நேராகப் பயணியின் முகத்துக்குத்தான் வரும். பிள்ளையார் நடுவில், சற்றுக் கீழே இருந்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மேட்டுகளைத் தட்டித் தேய்த்து வெயிலில் போட்டுவிட்டு, மேட்டுக்கு அடியில் இருக்கும் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். முன்பயணியின் காலடியில் ஈரமாக இருந்தால் அது மழைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காரின் ஏ.சி.யிலிருந்து வடியும் நீர் ஒரு சிறு குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே திரும்பும். ஏ.சி. ஓடும் காருக்குக் கீழே தரையில் ஈரத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். தெரியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். அதைச் சரிசெய்யாமல் கார்ப்பெட்டை எத்தனை முறை காயவைத்தாலும் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும்.

இருக்கையை முழுக்க முன்னே தள்ளிப் பின்பக்கமும், முழுக்கப் பின்னே தள்ளி முன்பக்கமும் வேக்குவம் போட வேண்டும். வேக்குவத்துக்கு முன் காய்ந்த பிரஷ்ஷால் இடுக்குகளைக் கிளறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இருக்கைத் தண்டவாளத்துக்குள் கிடைப்பவற்றைக் கொண்டே ஒரு குடும்பத்தின் பயண வரலாற்றை எழுதிவிடலாம்: முறுக்குத் துண்டு, புளியோதரைப் பருக்கை, ஒரு ரூபாய்க் காசு, சாக்லேட் தாள். காருக்குள் எறும்பு வருகிறது என்று மருந்து அடிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற ஒயரோ இணைப்போ தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், இழுக்காதீர்கள், நனைக்காதீர்கள். அது காற்றுப்பைக்குரியது.

துணி இருக்கையைக் கழுவுகிறேன் என்று தண்ணீரைக் கொட்டுபவர்கள் ஒரு வாரம் நாற்றத்தோடு பயணம் செய்வார்கள். உள்ளே இருப்பது ஸ்பாஞ்சு. குடித்ததை எளிதில் விடாது. அரைப் பக்கெட் தண்ணீரில் ஒரு மூடி ஷாம்பு கலந்து, நுரையை மட்டும் பிரஷ்ஷில் எடுத்து மேலோட்டமாகத் தேய்த்து, பிழிந்த துணியால் அழுக்கு நுரையை ஒற்றி எடுப்பதுதான் முறை. பால், தயிர் சிந்தியிருந்தால் குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீர் பட்டால் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். நாற்றம் தங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டு வேக்குவம் போடுங்கள். சாம்பார்க் கறைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. எண்ணெயையும் பருப்பையும் சோப்பு எடுத்துவிடும். பிடிவாதமாக நிற்கும் மஞ்சளை வெயில் எடுத்துவிடும். மஞ்சளின் நிறப்பொருளுக்கு ஒளி ஆகாது. கதவைத் திறந்து வைத்து வெயில் படவிட்டால் நாளாக நாளாகத் தானே வெளுக்கும்.

சீட் பெல்ட்டை யாரும் கழுவி நான் பார்த்ததில்லை. நம் வியர்வையும் கழுத்தின் பவுடரும் ஏறி ஏறி, பெல்ட் சுருண்டு உள்ளே போக மறுப்பதற்குப் பல நேரம் அழுக்குதான் காரணம். முழுவதுமாக வெளியே இழுத்து, திரும்பி ஓடாமல் ஒரு துணிக்கிளிப்பால் பிடித்து வைத்து, மென்மையான சோப்பு நீரால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே விட வேண்டும். பிளீச்சிங், ஆசிட் வகை எதுவும் கூடாது. நூலிழை வலுவிழந்த பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், தேவைப்படும் அன்று அறுந்து போகும்.

டேஷ்போர்டுக்கு ஈரத்துணியே போதும். ஏ.சி. துவாரங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஓர் அங்குல பிரஷ். கடையில் விற்கும் பளபளப்புத் தைலங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. டேஷ்போர்டு மின்ன மின்ன அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து ரோட்டை மறைக்கும். தைலப் பிசுக்கில் அடுத்த நாளே தூசி அப்பிக்கொள்ளும். ஸ்டீயரிங், பிரேக் பெடல் இரண்டிலும் அதன் ஒரு துளிகூடப் படக் கூடாது. வழுக்கும் பெடல் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் தொடங்கி இன்னும் சானிடைசரால் ஸ்டீயரிங்கைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் தோல் உறையும் ரெக்ஸினும் வெளுத்து வெடிக்கும். தொடுதிரைக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும்.

காருக்குள் ஏறியதும் வரும் ஈரச்சாக்கு வாடைக்கு எல்லோரும் செய்யும் வைத்தியம், வாசனைப் பொருள் ஒன்றைத் தொங்கவிடுவது. வாடை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் முன்பயணிக்கு எதிரே உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து. அங்கேதான் கேபின் ஃபில்டர் இருக்கிறது. பெட்டியின் இரு பக்கமும் அமுக்கி இறக்கினால், பல மாடல்களில் எந்தக் கருவியும் இல்லாமல் வெளியே எடுத்துவிடலாம். வெள்ளையாக இருக்க வேண்டிய ஃபில்டர் வேப்பிலைச் சருகும் கரித்தூசியுமாக வரும். நீங்களும் உங்கள் குழந்தைகளும் மூச்சுவிடும் காற்று அதன் வழியே வருவதுதான். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. தட்டிப் போடலாம், வருடத்துக்கு ஒன்று மாற்றிவிடுவது நல்லது. வீடு சேருவதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால், உள்ளே குளிர்ந்து ஈரமான சுருள் காய்ந்துவிடும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. நூறு ரூபாய் வாசனைப் புட்டியைவிட இந்த மூன்று நிமிடத்துக்குப் பலன் அதிகம்.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். கையோடு ஸ்டெப்னியின் காற்றையும் பார்த்துவிடலாம். வேறு எந்த நாளிலும் நாம் பார்க்கப்போவதில்லை.

மண்ணை இறக்கு, பிறகு தொடு

இப்போது வெளியே. நிழல் வேண்டும், பானெட் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான உலோகத்தின் மேல் சோப்பு நீர் காய்ந்து படலமாக ஒட்டிவிடும். தானே ஓடும் வைப்பர் உள்ள கார் என்றால் அதை அணைத்துவிடுங்கள். மின்சாரக் கார் என்றால் சார்ஜில் இருக்கும்போது கழுவ வேண்டாம்.

முதலில் சக்கரம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேடும் டிஸ்க்கும் தேய்ந்து, கொதிக்கும் இரும்புத் துகள் வீலில் வந்து ஒட்டுகிறது. அலாய் வீலில் படியும் அந்தக் கறுப்புத் தூள் சோப்புக்கு மசியாது. இதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்தால் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக ஒழுகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், நாற்றத்துக்கு மூக்கைப் பொத்த வேண்டும். சக்கரத்துக்கு வைத்த துணியும் பக்கெட்டும் சக்கரத்தோடு நிற்கட்டும். அவற்றைப் பானெட்டுக்குக் கொண்டுவருவது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். யாரும் செய்யாததும் இதுதான். துணியே படாமல் தண்ணீரால் மட்டும் மண்ணை இறக்குவது. மேலிருந்து கீழே, மக்கால் மெதுவாக ஊற்றினாலும் போதும். கதவின் கீழ்ப்பகுதி, சக்கரத்துக்குப் பின்புறம், பின்பம்பர் ஆகிய இடங்களில் சோப்பு நுரையைத் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி மாதிரி சின்ன பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் ஒன்றரை அடியாவது தள்ளி நின்று பீய்ச்சுங்கள். கதவின் ரப்பர், ஸ்டிக்கர், டயரின் பக்கவாட்டு, ஏற்கனவே டிங்கர் வேலை பார்த்துப் பெயின்ட் அடித்த ஓரம் ஆகியவற்றுக்கு நேராக வைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் பீய்ச்சும் ஆசை வேண்டாம். அங்கே ஈரத்துணியும் பிரஷ்ஷும்தான். முன்கண்ணாடிக்கு அடியில் தேங்கும் சருகுகளை மட்டும் மறக்காமல் கையால் அள்ளுங்கள். அவை வடிகாலை அடைத்தால் மழைநீர் காருக்குள் இறங்கும்.

மண் இறங்கியபின் இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். கையுறையோ ஸ்பாஞ்சோ எதுவானாலும் ஒரு கதவைத் துடைத்ததும் முதலில் வெறும் நீரில் அலசி, பிழிந்து, அதன்பிறகே ஷாம்புவுக்குள் போக வேண்டும். முடிவில் வெறும் நீர்ப் பக்கெட்டின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மணல் முழுவதும் இல்லையென்றால் உங்கள் காரின் மேல் திரும்பப் போய் உருண்டிருக்கும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி, கடைசியாகக் கீழ்ப்பாதி என்று இறங்குங்கள். நேர்கோட்டில், அழுத்தாமல். அழுக்கு வரவில்லையா? இன்னும் கொஞ்சம் நுரையில் ஊறவிடுங்கள்.

கார் ஷாம்பு ஒரு புட்டி வாங்கினால் மாதக்கணக்கில் வரும். துணி துவைக்கும் பொடியில் சலவைச் சோடா உண்டு. அது மெழுகையும் ரப்பரின் எண்ணெய்ப்பசையையும் சேர்த்தே எடுத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பொடியும் கட்டியும் தேய்ப்பதற்கென்றே கரகரப்பாகச் செய்யப்பட்டவை. அவற்றைக் காருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம். மெக்கானிக் கடையில் கிடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட் கிரீஸ் துடைக்க அருமையானது. ஆனால் அதன் தையல் விளிம்பு பெயின்ட்டில் கோடு போடும்.

அலசியபின் காயவிடக் கூடாது. காற்றில் காயும் ஒவ்வொரு துளியும் ஒரு உப்புப் பொட்டு. பெரிய மைக்ரோஃபைபர் துண்டை அப்படியே விரித்துப் போட்டு, ஒற்றி, எடுத்துவிடுங்கள். அது தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் அதன் நுண்ணிழைகள் படலம் பூசிக்கொண்டு தண்ணீரை உறிஞ்ச மறுக்கும். கதவின் உட்புற விளிம்பு, டிக்கி ரப்பரின் வாய்க்கால், பெட்ரோல் மூடி ஆகியவற்றையும் துடையுங்கள். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்திருந்தால் ஒரு குச்சியால் திறந்துவிடுங்கள். பெசன்ட் நகர், ஈ.சி.ஆர்., தூத்துக்குடி என்று கடற்காற்றில் நிற்கும் கார்கள் துருப்பிடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஓட்டைகளின் பக்கத்தில்தான். அவற்றுக்கு மாதம் ஒருமுறை அடிப்பாகத்திலும் தண்ணீர் காட்ட வேண்டும்.

மரமும் பறவையும் குங்குமமும்

வாரக் கடைசி வரை காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. காக்கையின் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் விரிந்து இளகியிருக்கும்போது அது உள்ளே கடிக்கும். மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது அந்த வடிவம் அப்படியே பதிந்துவிடும். நனைத்த டிஷ்யூவை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்துப் பிறகு அள்ளி எடுங்கள். எச்சத்துக்குள் விதையும் மண்ணும் இருப்பதால் துடைத்தால் கீறும்.

தை, மாசியில் மாமரத்தடியில் நிறுத்திய கார் பிசுபிசுவென்று ஒட்டுவதற்கு மரத்தின் பால் காரணமல்ல. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பு நீர் அது. சில நாள் விட்டால் அதன்மேல் கறுப்புப் பூஞ்சை படரும். இனிப்பு என்பதால் வெதுவெதுப்பான ஷாம்பு நீரில் எளிதாகக் கரைந்துவிடும். புது ரோட்டில் போய் வந்தால் கதவடியில் தெறிக்கும் தார்ப் புள்ளிகளுக்கு, நகத்தை வைத்துச் சுரண்டாமல், தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். உப்புப் பொட்டுகளுக்கு வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஒரு நிமிடம் ஒற்றிவைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட வேண்டும்.

ஆயுத பூஜை அன்று பானெட்டில் வைக்கும் சந்தன குங்குமத்தை அப்படியே வாரக்கணக்கில் விட்டுவிடுவது நம் வழக்கம். குங்குமம் என்பது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்கவைத்தது. கடைக் குங்குமம் பலவற்றில் சாயமும் உண்டு. வெள்ளைக் காரில் அந்தச் சிவப்பு இறங்கினால் லேசில் போகாது. மறுநாள் காலை தண்ணீர் விட்டுக் கழுவுவதால் சாமி கோபித்துக்கொள்ளாது. பம்பரில் கட்டிய வாழைக்கன்றின் சாற்றுக்கும் இதேதான். துணியில் பட்ட வாழைக்கறை போகாது என்பது தெரிந்த நமக்கு, பிளாஸ்டிக் பம்பரிலும் அது நிற்கும் என்பது தெரிய வேண்டும்.

மழை பெய்தது, வண்டி தானே சுத்தமாகிவிட்டது என்று விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தூறல்தான் காருக்கு மோசம். அது காற்றிலுள்ள தூசியையெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்து காரில் ஒட்டிவிட்டுக் காய்ந்து போகும். காயாமல் இருக்கும்போதே ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது.

மெழுகைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கழுவித் துடைத்த காரில், நிழலில், மிக மெல்லிசாகத் தடவித் துடைத்தெடுத்தால் போதும். நல்ல மெழுகு டப்பாக்களில் பேசப்படும் 'கார்னௌபா' பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை ஓலையின் மேற்பூச்சு. தன் ஓலை வெயிலில் காயாமல் இருக்க அந்தப் பனை பூசிக்கொள்வது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் நம் வெயிலைத் தாங்குகிறது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்துச் செராமிக் பூச்சு போட்டவர்களுக்கும் இரண்டு பக்கெட் முறையிலிருந்து விலக்கு இல்லை. மணல் செராமிக்கையும் கீறும்.

கண்ணாடியின் உட்புறம் கடைசி வேலை. வெயிலில் சூடாகும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் எண்ணெய்ப்பசை முன்கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் தெரியாது, இரவில் எதிர் லாரியின் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதும் பனிமூட்டமாகிவிடும். கண் பார்வை மங்கிவிட்டதோ என்று டாக்டரிடம் போவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கலாம். ஏ.சி. வடிநீர் தொட்ட ஒரு துணி, உலர்ந்த இன்னொரு துணி. உள்ளே குறுக்காகவும் வெளியே நெடுக்காகவும் துடைத்தால், தங்கிய கோடு எந்தப் பக்கத்தது என்று உடனே தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஈரமான பிரேக் டிஸ்க்கில் சில மணி நேரத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு ஏறும். டிரம்மும் பிரேக் ஷூவும் பிடித்துக்கொண்டால் மறுநாள் காலை வண்டி நகர மறுக்கும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் யாரும் வராத இடத்தில் நாலைந்து முறை மெதுவாக பிரேக்கை அழுத்திக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். நாளைக் காலை பக்கெட்டோடு வருபவரிடம் மாதக் காசில் குறைக்க வேண்டாம். மேலே துடைப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருநாள் உள்ளே வேக்குவம் போட்டு, மேட்டைத் தட்டித் தரச் சொல்லுங்கள்.